பத்துக்குப் பத்து அறைக்கு இரண்டு டன்

எங்கள் ஏசி மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "அண்ணே, முப்பது வருச சர்வீஸு. எவ்வளவோ பாத்திருப்பீங்க. ஜாலியா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார் செயலாளர். ஜாலியாக எழுத என்னிடம் எதுவும் இல்லை. கோபம்தான் இருக்கிறது. அது ஒரு வருடமாக இறங்கவில்லை. ஒரு வரியும் வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மலரில் என் பெயருக்குக் கீழே 'ஓய்வு பெற்றவர்' என்று போடப் போகிறார்களாம். அது அவர்கள் கொடுக்கும் மரியாதை. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மத்தியான வேளையில் டூல் பையைத் தூக்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தவன் நான்.

திருச்சியில் குளிர்சாதனப் பிரிவில் டிப்ளமா படித்தேன். பிறகு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் நான்கு வருடம், கண்ட்ரோல் ரூம் ஏசியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே சுவரில் இரண்டு தெர்மாமீட்டர்கள் தொங்கும். ஒன்றின் முனையில் ஈரத் துணி சுற்றியிருக்கும். இரண்டையும் பார்த்து, அட்டவணையில் தேடி, அறைக் காற்றில் ஈரம் எவ்வளவு என்று மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுத வேண்டும். ஈரம் ஏறினால் மெஷின் கெட்டுவிடும் என்று இன்ஜினியர்கள் பதறுவார்கள். ஒரு மெஷினுக்காக நான்கு வருடம் ஈரத்தை அளந்தேன். அதன்பின் பெரம்பலூரில் ஒரு ஏசி கடையில் சேர்ந்தேன். மனிதர்கள் படுத்துத் தூங்கும் அறைகளில் ஏசி மாட்டும் வேலை. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு படுக்கையறையிலும் நான் ஈரத்தை அளந்ததில்லை.

எங்கள் சர்வீஸ் சூப்பர்வைசர் கந்தவேல் சார். அதிர்ந்து பேச மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. நீலம் எழுதுவதற்கு, சிவப்பு கார்டை மூடுவதற்கு. புதிதாக மாட்டிய ஏசியைப் பார்க்க வந்தால் செருப்பை வெளியே விட்டுவிட்டு நேராக மெஷினுக்குக் கீழே போய் நிற்பார். உள்ளங்கையை உயர்த்திக் காற்றில் காட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார். கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவரைப் போல இருக்கும். "ஜில்லுன்னு இருக்கு. கையெழுத்து வாங்கு" என்பார். எங்கள் சோதனை அவ்வளவுதான். அந்தக் கை போதும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நானும் அதே போலக் கண்ணை மூடப் பழகிக்கொண்டேன்.

புகார் வந்தால் எழுதும் ஜாப் கார்டில் ஐந்து கட்டங்கள் இருந்தன. குளிரவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, சத்தம், ரிமோட், மற்றவை. 'மற்றவை'யில் எது விழுந்தாலும் சாரின் சிவப்புப் பேனா ஒரே வரியை எழுதும்: 'வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது.' கார்டு மூடப்படும்.

விற்பனையில் அவருக்கு இன்னொரு விதி. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் அரை டன் கூட்டு. கல்யாணச் சீருக்கு என்றால் இன்னொரு அரை டன் கூட்டு. "சீருக்கு வந்தவங்கிட்ட ரூம் அளவு கேக்காதய்யா. பொட்டி பெருசா இருக்கணும். அதுதான் அளவு."

இதில் என்ன தவறு என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். டிப்ளமா முதல் வருடத்தில் படித்ததைத்தான் திரும்பச் சொல்கிறேன். ஏசிக்கு வேலை இரண்டு. சூட்டை எடுக்க வேண்டும், காற்றில் இருக்கும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். சூடு சீக்கிரம் இறங்கிவிடும். ஈரம் மெதுவாகத்தான் வரும். குளிர்ந்த காயிலில் துளித்துளியாகப் படிந்து, டிரெயின் பைப் வழியாக வெளியே சொட்ட நேரம் வேண்டும். சின்ன அறையில் பெரிய மெஷினை மாட்டினால் ஐந்தாறு நிமிடத்தில் குளிர்ந்துவிடும், கம்ப்ரசர் நின்றுவிடும். ஆனால் உள்ளே இருக்கும் ஃபேன் நிற்காது. காயிலில் படிந்த ஈரத்தை அது மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். படுத்தால் தூக்கம் வராது.

இதை எனக்கு முதலில் சொன்னவர் சிறுவாச்சூர் மாணிக்கம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் எங்கள் கடைக்குப் போன் செய்து அவருக்கு இரண்டு டன் வாங்கிக் கொடுத்தார். அறை பத்துக்குப் பத்து. நான்தான் மாட்டினேன். பதினைந்து நாளில் முதல் புகார் வந்தது.

"ஜில்லுன்னுதான் இருக்கு தம்பி, அதுல கொறையில்ல. ஆனா காத்து கனமா இருக்கு. ஈரத் துண்ட மூஞ்சில போட்டுக்கிட்டுப் படுத்த மாதிரி. டிக்கெட்ட கிழிச்சுக் குடுத்துட்டீங்க, பஸ்ஸத்தான் காணோம்."

கடையில் வந்து சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கேஸ் பார்த்தோம், ஃபில்டர் கழுவினோம். மூன்றாவது முறை போனபோது, ஆலைச் சுவரில் ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் என் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து கந்தவேல் சாரிடம், "சார், ரூமுக்கு டன் அதிகமுன்னு நெனைக்கிறேன். ஒரு டன்னா மாத்திக் குடுத்துப் பாக்கலாமா?" என்றேன்.

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "மாத்துனா நாம தப்பா வித்தோம்னு ஆவும். தப்பா வித்தமா?"

நான் கையிலிருந்த கார்டை மடித்தேன்.

"அப்ப போயி வெளக்கிட்டு வா."

போய் விளக்கினேன். ஏழாவது முறை போனபோது எனக்கே எரிச்சலாக இருந்தது. "வயசாயிட்டா தூக்கம் கொறையும்ங்கய்யா" என்றேன்.

மாணிக்கம், "நைட் சர்வீஸ்ல கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டே தூங்குனவன் தம்பி நானு" என்றார். அதற்கப்புறம் அவரிடமிருந்து புகார் வரவில்லை. ஒரு புகார் முடிந்தது என்று நினைத்தேன். அது நடந்து ஆறு வருடம்.

போன வருடம் ஆவணியில் என் மகள் கயல்விழிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு உடையார்பாளையம். நல்ல குடும்பம், முந்திரித் தோப்பு இருக்கிறது. சீர் பற்றிப் பேசியபோது சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே, "அண்ணே, ஏசி கடையிலயே வேல பாக்குறீங்க. ஒங்க பொண்ணுக்குக் கொறச்சலாவா செய்வீங்க?" என்றார். அந்த அம்மாள் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது குத்தியது. அவர்கள் படுக்கப் போகும் அறையை நானே டேப் வைத்து அளந்திருந்தேன். பத்துக்குப் பத்து. ஒரு டன் போதும் என்று எனக்குத் தெரியும். கடையில் ஒரு டன் பெட்டியின் மேல் கை வைத்தபோது கந்தவேல் சார், "ஏசி மெக்கானிக் பொண்ணுக்கு ஒரு டன்னா? சிரிப்பாங்கய்யா" என்றார். கையை எடுத்துவிட்டேன். இரண்டு டன்னை ஏற்றச் சொன்னேன்.

மண்டபத்தில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே அந்தப் பெட்டி நின்றது. '2 டன்' என்ற எழுத்து சுவர்ப் பக்கம் இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் நானே அதைத் திருப்பி வைத்தேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கயல் போன் செய்தாள்.

"அப்பா, ஏசி நல்லாத்தான் குளிருது. ஆனா போர்வையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுதுப்பா. ரெண்டு மணிக்கு மேல தூக்கமே வரமாட்டேங்குது."

"புது வூடு கண்ணு. பழகிடும். இருவதுல வெச்சுப் பாரு."

அடுத்த வாரம். "இருவதுல வெச்சா ரெண்டு பேரும் நடுங்குறோம். நிறுத்துனா புழுங்குது. தலகாணி ஈரமா இருக்குப்பா."

"மாப்ளைய ஃபில்டரக் கழுவச் சொல்லும்மா."

அதற்கடுத்த வாரம். "நான் சரியாத் தூங்கி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுப்பா. கிளாஸ்ல நிக்கவே முடியல." அவள் ஜெயங்கொண்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. தினமும் ஸ்கூட்டியில் போய் வருவாள்.

"கல்யாணம் ஆன புதுசுல யாரு சரியாத் தூங்குனா?" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

மாணிக்கத்துக்கு வயது, என் மகளுக்குப் புதுக் கல்யாணம். காரணம் சொல்ல எனக்கு வராமலா போகும்? இருபத்தெட்டு வருடம் 'விளக்கிய' வாய் இது.

கார்த்திகையில் ஒரு நாள், காலை எட்டரை மணி இருக்கும். பெரம்பலூரில் ஒரு வீட்டில் முந்தின நாள் மாட்டிய புது ஏசியைப் போட்டுவிட்டு, காற்றில் கை காட்டி, கண்ணை மூடி, "ஜில்லுன்னு இருக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கயலின் நம்பரிலிருந்து அழைப்பு. பேசியது ஒரு ஆண் குரல்.

"சார், பயப்படாதீங்க. பொண்ணு பேசுது. நான் லாரி டிரைவர் சார், பின்னாடிதான் வந்துட்டிருந்தேன். பாப்பா வண்டி ஓட்டிக்கிட்டே தூங்கிடுச்சு சார். வண்டி தானா எடது பக்கம் முந்திரிக் காட்டுல எறங்கிடுச்சு. வலது பக்கம் போயிருந்தா எதுத்தாப்புல பஸ்ஸு சார்."

அந்தக் கடைசி வரியை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவரும் நடுங்கிப்போயிருந்தார்.

காரை எலும்பு முறிவு. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம், "எத்தன நாளாம்மா தூங்கல?" என்று கேட்டார். கயல் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"அப்பாட்ட சொன்னேன் டாக்டர்" என்றாள்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டு அறைக்குள் போனேன். கையில் ஒரு ஈரப்பத மீட்டர். ஏதோ ஒரு பயிற்சி முகாமில் எங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. டூல் பையின் அடியில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. மூலையில் ஒரு பக்கெட் நிறையத் தண்ணீர் இருந்தது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கயிறு கட்டி, மழையில் காயாத துணிகளைப் போட்டிருந்தார்கள். கதவைச் சாத்தி, அவர்கள் வழக்கமாக வைக்கும் இருபத்து நான்கில் ஏசியைப் போட்டேன். வாட்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஆறு நிமிடம் கம்ப்ரசர் ஓடியது, நின்றது. பதினோரு நிமிடம் ஃபேன் மட்டும் ஊதியது. மறுபடி ஆறு நிமிடம். அறை ஜில்லென்று இருந்தது. மீட்டர் ஈரப்பதம் எண்பத்திரண்டு சதவீதம் என்று காட்டியது. அறுபதைத் தாண்டினாலே உடம்பு ஒட்டும்.

வெளியே போய் டிரெயின் பைப்புக்குக் கீழே ஒரு டம்ளரை வைத்தேன். அந்த ஈரத்துக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு சொம்பாவது நிறைய வேண்டும். டம்ளரில் பாதிகூட வரவில்லை. திரும்பி வந்து நான் கொடுத்த பீரோவைச் சுவரை விட்டு நகர்த்தினேன். பின்னால் சுவர் முழுக்க உள்ளங்கை அளவுத் திட்டுகளாகக் கறுப்புப் பூசணம். கட்டிலின் தலைமாடு அதற்கு இரண்டடி தூரம். என் மகள் மூன்று மாதம் அந்தக் காற்றைத்தான் மூச்சாக இழுத்திருக்கிறாள்.

வெளிச்சுவரில் இருந்த அவுட்டோர் மெஷினில் கேஸை இறக்கி மூடிவிட்டு, ஏணி போட்டு, இன்டோர் மெஷினைக் கழற்ற ஆரம்பித்தேன். சம்பந்தியம்மா ஓடி வந்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க? சீர் சாமான நீங்களே கழட்டுறீங்களே, தெருவே பாக்குது!"

"பாக்கட்டும்ங்க."

"ஒரு டன்ன மாட்டுனா எங்க நாத்தனா என்னென்ன கேப்பா தெரியுமா? பொண்ணு வூட்ல ஏதோ மனஸ்தாபம்னு கத கட்டிடுவா."

"கட்டட்டும்ங்க. இந்த ரெண்டு டன்னாலதான் ஒங்க மருமவ ரோட்டுல கெடந்தா." கத்திவிட்டேன். ஏணியில் நின்றபடியே பக்கெட்டைக் காட்டினேன். "அத யாரு வெச்சது?"

"நாந்தான்." அவர் குரல் இறங்கிப்போனது. "ஏசி காத்து மூக்க, தோல எல்லாம் காய வெச்சிடும், ரூமுல தண்ணி வெக்கணும்னாங்க. தெனமும் சாயந்திரம் நான்தான் ரொப்பி வெப்பேன். புள்ளைக்கு நல்லதுன்னு…" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

அந்த அம்மாள் தினமும் தண்ணீர் சுமந்தது என் மகள் மேலிருந்த பிரியத்தில். ஏசி ஓடும் அறையில் தண்ணீர் வேண்டாம், துணி காயப்போட வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவன் யார்? மாட்டியவன். நான்தான் மாட்டினேன். பத்து நிமிடத்தில் கையைக் காட்டி, கண்ணை மூடி, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். எங்கள் மாவட்டத்தில் பாதி வீடுகளில் இப்படிப் பக்கெட் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்த மெக்கானிக்குகள் இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை அதுவரை வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "எறக்குங்க மாமா, நான் தாங்கிக்கிறேன்" என்றார். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கெட்டைத் தானே வெளியே தூக்கிப் போனார்.

டெம்போவில் கொண்டு வந்திருந்த ஒரு டன்னை மாட்டினேன். கயிற்றை அவிழ்த்தேன். சுவரைப் பூசண மருந்து போட்டுத் தேய்த்துக் கழுவி உலரவிட்டேன், பீரோவை ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியைத் துணியால் அடைத்தேன். இருபத்தாறு டிகிரி, ஃபேன் குறைவில். இந்த மெஷின் அவசரப்படவில்லை. நிற்காமல் ஓடியது. இரண்டு மணி நேரத்தில் மீட்டர் எண்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கயலை அழைத்து வந்தோம். கைக்குக் கட்டுப் போட்டிருந்தது. படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அதே பக்கெட்டை டிரெயின் பைப்புக்குக் கீழே வைத்திருந்தேன். சொட்டு விடாமல் விழுந்துகொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் சம்பந்தியம்மா காப்பி கொண்டு வந்தார். பக்கெட்டை எட்டிப் பார்த்தார். கால்வாசிக்கு மேல் ஏறியிருந்தது.

"இவ்வளவு தண்ணியா அண்ணே ரூமுக்குள்ள இருந்துச்சு?"

"ஆமாங்க."

ஜன்னல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எழுப்பட்டுமா? வெளக்கு வெக்கிற நேரத்துல பொம்பளப் புள்ள தூங்கக் கூடாதும்பாங்க."

"தூங்கட்டும்ங்க."

காப்பியை என் கையில் கொடுத்தார். "சரிண்ணே. வெளக்க நான் வெக்கிறேன்" என்று உள்ளே போனார்.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். ஜாப் கார்டில் ஒரு கட்டம் கூட்ட வேண்டும், மாட்டும் அறையை அளக்காமல் ஏசி விற்கக் கூடாது, ஈரத்தை அளக்காமல் கார்டை மூடக் கூடாது என்றேன். கந்தவேல் சார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

"ஒம் பொண்ணுக்கு நடந்தது எனக்கும் வருத்தம்தான்யா. ஆனா எல்லா கார்டுலயும் எங் கையெழுத்துக்கு மேல ஒங் கையெழுத்துதான இருக்கு?"

உண்மை. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெயருக்குக் கீழே நீங்கள் போடப் போகும் ஓய்வு அதுதான்.

கயலுக்கு எலும்பு கூடிவிட்டது. பள்ளிக்குப் போகிறாள். வண்டியில்தான் போவேன் என்கிறாள். காலை எட்டே முக்காலுக்கு, போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போனில் ஒரு தடவை மணி அடிப்பாள். அதுவரை என் காப்பி ஆறிக்கொண்டிருக்கும்.

பொங்கல் கழிந்து சிறுவாச்சூருக்குப் போனேன். மாணிக்கம் வாசலில் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏழு தடவ வந்தீங்க. இப்ப யாரு கூப்பிட்டா?" என்றார். அந்த அறையை அவர் பூட்டிப் பல வருடம் ஆகிறது. ஹாலில் ஃபேனுக்குக் கீழே படுக்கிறார். டிரெயின் பைப்பின் வாயில் குளவி மண் கூடு கட்டியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். சீர், போன், முந்திரிக் காடு. முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"பொண்ணு இப்பத் தூங்குதா?"

"தூங்குதுங்க."

எழுந்து உள்ளே போய் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டைக் கொண்டு வந்தார். எங்கள் ஜாப் கார்டின் மஞ்சள் நகல்கள். டிக்கெட் எண்ணுவதைப் போல விரலால் தள்ளித் தள்ளி ஏழையும் எனக்கு எதிரே பரப்பினார். கடைசி ஐந்திலும் ஒரே வரி: 'வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது.' ஏழின் கீழேயும் என் கையெழுத்து.

"எட்டாவதுல என்ன எழுதப் போறீங்க?"

டூல் பையில் இரண்டு பழைய வெற்றுக் கார்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்து, 'மற்றவை' என்ற கட்டத்தில் எழுதினேன்: 'வாடிக்கையாளர் சொன்னது ஏழு முறையும் சரி.' தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து இரண்டு முறை படித்தார். மற்ற ஏழின் மேலே வைத்து ரப்பர் பேண்டைப் போட்டார்.

இன்னொரு கார்டை நான் எழுத வேண்டியிருந்தது. அது கயலுக்கு. அவள் மூன்று முறை சொன்னாள்.